பட்டாளத்துக்குப் போனவர்கள்

1939 செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கினார். இந்தியத் தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரமே மதுரைக்கு வந்த சுபாஷ் சந்திர போஸை முத்துராமலிங்கத் தேவர் பெருங்கூட்டம் திரட்டி வரவேற்றார். அடுத்த ஆண்டில் தேவர் கைதானார், விடுதலையானது 1945இல்தான். அவர் உள்ளே இருந்த அதே ஆண்டுகளில் மதுரைச் சீமையின் வானம் பார்த்த பூமியிலிருந்து இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்களை என்னவென்று மதிப்பிடுவது?

பிரிட்டனில் ஆள்சேர்ப்பு கட்டாயம், இங்கே அப்படியில்லை. 1939இல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை, போர் முடியும்போது 25 லட்சமாக வளர்ந்திருந்தது. எல்லாரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பது அரசின் கணக்கு. சென்னை மாகாணத்தார் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று முத்திரை குத்தி, 1920களில் மதராஸ் ரெஜிமென்டையே கலைத்த அரசு அது. ஆள் போதாமல் போனதும் அதே ரெஜிமென்டை மறுபடி எழுப்பியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. சேர்ந்தால் மூன்று வேளைச் சோறு, சீருடை, வீட்டுக்கு மணியார்டர். வயிறு காய்ந்தவன் போட்ட கையெழுத்தை ஏகாதிபத்தியத்துக்குத் தந்த சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

ஆனால் இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே பஞ்சத்தில் இருந்தவர்கள்தான் 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராளி சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். வறுமை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் எதிர்த்து நின்றார்கள். எல்லாவற்றையும் வறுமையின் தலையில் போட்டால் அவர்களுடைய துணிவுக்கு மதிப்பில்லாமல் போகும். எதிர்த்தவர்களின் இடம் உயர்ந்ததுதான், சந்தேகமில்லை. அதற்காக, சேர்ந்தவர்களைத் துரோகிகள் ஆக்க வேண்டியதில்லை. போரைத் தொடங்கியவர்கள் அவர்கள் இல்லை. துப்பாக்கியைக் கையில் வாங்கிய பின் என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் கதை இதுபோலத்தான். கங்காணிகள் அழைத்துப்போய் மலாயா ரப்பர் தோட்டங்களில் விட்ட தமிழர்கள், 1943இல் போஸின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) திரளாகச் சேர்ந்தார்கள். லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சிராணி படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுடைய நாட்டுப்பற்றில் பொய் இல்லை. ஆனால் அதே காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர் தோட்டத்துத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். படையில் சேர்ந்தால் அந்தப் பாதைக்குப் போகாமல் தப்பலாம் என்ற நினைப்பும் சிலருக்கு இருந்தது. அதனால் அவர்களுடைய தியாகம் குறைந்துவிடாது. இவர்களுக்குக் காட்டும் அந்தப் பரிவை எதிர்வரிசையில் நின்றவனுக்கு மட்டும் மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

பர்மா முனையில் போரிட்டவர்களுக்குக் கிடைத்தது பர்மா ஸ்டார் பதக்கம்: ஆறு முனை நட்சத்திரம், நாடாவின் நடுவே சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்திலும் ஓர் ஆரஞ்சுக் கோடு. போர் முடிந்ததும் பெரும்பாலோர் பென்ஷன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு வெளியே போனால், சுதந்திரம் வாங்கிய ஊரில் அது யாருக்கும் பெருமையாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

மறுபக்கத்தின் நிலையும் பெரிதாக மேலானதில்லை. ஐ.என்.ஏ.காரர்களைச் சுதந்திர இந்தியா தன் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தபோது, சேவைக்குச் சான்று கேட்டது. தோட்டக்காட்டிலிருந்து படைக்குப் போய், தோற்று, கப்பலேறி ஊர் திரும்பியவர் கையில் என்ன காகிதம் இருந்திருக்கும்?

மதுரையில் நேதாஜி பெயரில் சாலை இருக்கிறது. ஜான்சிராணி பெயரில் பூங்கா இருக்கிறது. வேண்டிய மரியாதைதான். ரங்கூனுக்கு வெளியே, தவுக்யான் நினைவிடத்துத் தூண்களில் கல்லறைகூட இல்லாமல் போன சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பெயர் கல்லில் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டிய வீட்டாருக்கு அந்த இடம் எட்டாத தூரம். இரண்டு படைகளுக்கும் போனவர்களை ஊர்வாரியாகப் பெயர் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகங்களில் வைப்பது இன்றைக்கும் செய்யக்கூடிய வேலை. அந்தப் பட்டியலில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவரை எடைபோடுகிற உரிமை அதைப் படிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு உண்டு.