கத்தரிக்கும் உரிமை

தரமணியில் 1995-ல் தொடங்கிய 'நிஃப்ட்' போன்ற ஆடை வடிவமைப்புக் கல்லூரிகளில் பிள்ளைகள் படும் பாடு நம்மில் பலருக்குத் தெரியாது. டம்மி உருவத்தின் மேல் மலிவான காடாத் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, வெட்டித் தைத்து, மறுபடியும் பிரிக்கிறார்கள். டம்மி கையைத் தூக்காது. உடுத்தும் பெண் தூக்குவாள், அக்குளில் பிடிக்கும். மறுபடி பிரிப்பு. விடிந்துவிடுகிறது.

நம்முடையதோ புடவையும் வேட்டியும் கட்டும் தேசம். தாய் கட்டிய புடவையை மகளும் கட்டுவாள். உடம்புக்குத் தக்கபடி கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும், குறையும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் தறியிலேயே பிணைக்கிறார்கள். மூன்று நாடா, பக்கத்தில் ஒரு துணையாள், நாள் கணக்கில் உழைப்பு. அதில் கத்தரி வைக்க ஒரு நிமிஷம் போதும். வைக்கலாமா?

பாவம் என்பார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. ரவிக்கையும் பாவாடையும் வெட்டாமலா வந்தன? உடுத்துகிறவளின் கை தாராளமாக உயர வேண்டும் என்பதும் தர்மந்தானே! ஆனால் விலை கொடுத்தவனுக்குத் துணிதான் சொந்தம். வெட்டும் உரிமை, காடாத் துணியில் இருபது தடவை தோற்றுவிட்டுப் பட்டுக்கு வருகிறாளே, அந்தப் பெண்ணுக்கு உண்டு என்பேன்.

அவளுக்குக் கிடைக்கும் சந்தோஷமும் விசித்திரமானது. தோள் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் உடுத்தியவள் அதைக் கவனிக்கவே மாட்டாள். தைத்தவள் மட்டும் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.