ஒரு விரற்கடை இடம்

பழைய ஷூ இரண்டையும் பால்கனித் திண்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. வலதில் கொஞ்சம் அதிகம். பதினொரு மாதம், ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அடி ரப்பர் மிச்சம் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் ஃபோம் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் அழுந்துகிறது, எழும்பி வரத் தெம்பில்லை. ஓடுகிற ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர்வரை ஆயுள் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு முடியும் முன்பே கால் சொல்லிவிட்டது. முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, இரண்டு வாரமாக மெல்லிய வலி.

புது ஜோடி வாங்க வேண்டும். போன முறை அரை மணி நேரத்தில் வாங்கினேன். இந்த முறை நாள் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

•

போன முறை நடந்ததை எழுதிவைக்கிறேன். கடையில் ட்ரெட்மில்லில் ஓடச் சொன்னார்கள். பின்னாலிருந்து படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினார் கடைத் தம்பி. "பாருங்க மேடம், பாதம் உள்பக்கமா சாயுது." உண்மைதான், சாய்ந்தது. உட்புறம் கெட்டியான ஃபோம் வைத்து அந்தச் சாய்வைத் தடுக்கிற ஷூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்கறையோடுதான் கொடுத்தார். மூன்றாவது வாரம் முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டியிருந்தது.

சாய்வதை ஒரு நோய் என்று அன்று நம்பிவிட்டேன். ஓடும்போது பெரும்பாலோருக்குக் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தரையைத் தொடும். பிறகு பாதம் உள்நோக்கிச் சரியும், வளைவு தாழும், விழுந்த அதிர்ச்சி அதில் கரையும். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை. அதை வாங்கிக்கொள்ளத்தான் பாதத்தின் 26 எலும்புகளும் இப்படி அசைந்துகொடுக்கும்படி கோக்கப்பட்டிருக்கின்றன. சரிவது பாதத்தின் வேலை.

ஈரக்கால் தடத்தைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு இது, வளைவு கூடிய பாதத்துக்கு அது என்று ஷூ பிரிப்பது பல பத்தாண்டு வழக்கம். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ, இன்னொரு சாராருக்கு எல்லாருக்கும் ஒரே வகை. 2009 முதல் முடிவுகள் வெளியாயின. காயப்பட்டவர்கள் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பாதம் அளவுக்கு மீறிச் சரிபவர்களுக்கு அந்தத் தடுப்பு ஷூ உதவியது என்று 2016-இல் லக்ஸம்பர்க் ஆய்வு ஒன்று கண்டது. ஆக அந்த ஷூவும் யாரோ ஒருவருக்கு உரியதுதான். எனக்கு உரியதாக இல்லை.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஓட்டத்தின் விசைகளை அளந்தவர் பென்னோ நிக். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் முன்வைத்த கருத்து எளிமையானது. தன் கால் சுகம் என்று உணர்கிற ஷூவை ஓடுகிறவர் தேர்ந்தெடுக்கட்டும், அந்தச் சுகமே ஒரு சல்லடை. இத்தனை கருவிகளோடு புழங்கிய மனிதர் கடைசியில் காலைக் கேளுங்கள் என்று சொன்னதைப் படித்த அன்று மனசு லேசானது.

•

சுகம் என்று எழுதியதும் அகலம் ஞாபகம் வருகிறது.

எட்டாம் வகுப்புவரை வெறுங்காலோடு திரிந்த கால் என்னுடையது. வரப்பு, செம்மண், சித்திரையில் கொதிக்கும் தார் ரோடு. விரல்கள் விரிந்து முன்பாதம் முறம் மாதிரி இருக்கும். எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் நசுங்கும். அதை என் காலின் குறை என்றே பல வருஷம் எண்ணியிருந்தேன்.

நான் தினமும் கடந்துபோகிற அடையாறில்தான் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச்வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அவர்கள் அளந்தார்கள். இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று தெரியவந்தது. நாம் இன்றும் கேட்டு வாங்குகிற நம்பர்கள் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்ற அளவு. நமக்கென்று வகுத்த புதிய அளவு முறைக்கு 'பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாரதத்தின் முதல் எழுத்து. அந்தச் செய்தியைப் படித்தபோது என் சுண்டுவிரலுக்கு நியாயம் கிடைத்தது போலிருந்தது.

வெறுங்கால் பற்றி இன்னொன்றும் உண்டு. மணிப்பால் மருத்துவர்கள் இருவர் 2,300 குழந்தைகளின் கால்தடங்களைப் பார்த்து 1992-இல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். ஊர்க்காட்டில் முள் குத்திக்கொண்டு அலைந்த நாட்களை நான் வறுமையின் கணக்கில் மட்டுமே வைத்திருந்தேன். அவை காலுக்குக் கொஞ்சம் பலமும் கொடுத்திருக்கலாம்.

ஷூவில் அகலத்துக்கும் தனி அளவு உண்டு. ஆண்களுக்கு டி என்பது வழக்கமான அகலம், 2ஈ அகலம், 4ஈ இன்னும் அகலம். பெண்களுக்கு பி வழக்கம், டி அகலம். நம் கடைகளில் இதைக் கேட்கிறவர்களும் குறைவு, வைத்திருக்கிறவர்களும் குறைவு. அதனால் அகலம் வேண்டி நீளத்தை வாங்குகிறோம். ஒரு நம்பர் கூட. அப்போது ஷூ மடிகிற இடம் ஒன்று, பாதம் மடிகிற இடம் வேறு. குதிகால் தூக்கும், பாலத்து இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கும், பெருவிரல் நகம் கறுத்துப்போகும். கறுத்த நகத்தை மெடல் மாதிரிக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். நகம் கறுத்தால் அளவு தவறு, அவ்வளவுதான்.

•

எலியட்ஸ் கடற்கரை, காலை ஐந்தேகால். இங்கே ஓட வருகிற ஒரு பெண் வந்துவிட்டாள். பதினான்கு வயதிருக்கும், மாநகராட்சிப் பள்ளி, 800 மீட்டர் ஓடுகிறாள். மணலில் வெறுங்காலோடு ஓடுகிறபோது பார்க்கக் கண் போதாது. ரோட்டுக்கு வந்ததும் ஷூ மாட்டுகிறாள், ஓட்டம் மாறிவிடுகிறது. காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள்.

"யார் ஷூம்மா அது?"

"அண்ணன்துக்கா. முன்னாடி துணி வச்சிருக்கேன்."

மாவட்டப் போட்டிக்கு ஸ்பைக்ஸ் வேண்டும் என்று பி.டி. மாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். ஸ்பைக்ஸ் என்பது ட்ராக்குக்கு மட்டுமான பொருள். அடியில் ஆணிகள், குதிகாலில் மெத்தை ஏறக்குறைய இல்லை, முன்பாதத்தில் பறப்பதற்காகச் செய்தது. போட்டியன்று இரவல் வாங்கியும் ஓடிவிடலாம். தினசரி ரோட்டுக்கும் பள்ளி மைதானத்து மண்ணுக்கும் அவள் காலுக்குச் சரியான ஒரு சாதாரண ஷூதான் முதலில் வேண்டும். சனிக்கிழமை அம்மாவோடு வரச் சொன்னேன்.

•

இன்று முழுக்க மாரத்தான் வீரர் அபெபே பிகிலாவின் நினைப்பு.

1960 செப்டம்பர் 10, ரோம் ஒலிம்பிக். அவருக்குக் கிடைத்த புது ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை. பயிற்சியெல்லாம் வெறுங்காலில் செய்து பழகியவர், வெறுங்காலிலேயே கிளம்பினார். மாலையில் தொடங்கிய ஓட்டம், ஆப்பியன் சாலையின் பழங்கற்களைத் தாண்டி, கான்ஸ்டன்டைன் வளைவில் முடியும்போது இருட்டிவிட்டது. 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. தங்கம். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் மறுபடி தங்கம், இந்த முறை ஷூ போட்டுக்கொண்டு, 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. குடல்வால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

வெறுங்காலை வழிபடுகிறவர்கள் ரோமைச் சொல்வார்கள், ஷூ விற்கிறவர்கள் டோக்கியோவைச் சொல்வார்கள். என் மனம் ரோமில், ஓட்டத்துக்கு முன் அவர் அந்தப் புது ஷூவை மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிவைத்த நேரத்திலேயே நிற்கிறது. ஒலிம்பிக் மாரத்தான், உலகமே பார்க்கிறது, கொடுத்த ஷூ கடிக்கிறது. கடித்தால் போடக்கூடாது என்று அவர் தன் காலை நம்பினார்.

•

கீழ்வீட்டுக்காரர் கேட்டார். 104 கிலோ, மருத்துவர் ஓடச் சொல்லியிருக்கிறார். "மேடம், எனக்கு நல்லா மெத்தை மாதிரி இருக்கிறதா சொல்லுங்க." எல்லாரும் அப்படித்தான் நினைப்போம், எடை கூடினால் பஞ்சு கூட வேண்டும் என்று. லக்ஸம்பர்கில் 848 பேரை இரண்டாகப் பிரித்து, மெத்தென்ற ஷூவும் கெட்டி ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவு என் எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. மெத்தென்ற ஷூவில் காயம் குறைந்தது, ஆனால் அந்தப் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது.

அவரிடம் சொன்னது: அடி அகலமாக இருக்கட்டும், குதிகால் ஆடாமல் இருக்கட்டும், முதல் மாதம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. ஷூவைவிட அந்த நிமிடக் கணக்குதான் அவர் முழங்காலைக் காக்கும் என்று நம்புகிறேன்.

•

எதிர் ப்ளாக் சார் ஓய்வுபெற்றபின் ஓட வந்தவர், அறுபத்தாறு வயது. மகன் அமெரிக்காவிலிருந்து கார்பன் தகடு வைத்த ஷூ அனுப்பியிருக்கிறான். பெட்டியோடு எடுத்துவந்து காட்டினார். மகன் கைப்பட எழுதிய அட்டை உள்ளே இருந்தது. ஷூவைக் கையில் வாங்கினேன், எடையே இல்லை. ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடும் என்று அளந்திருக்கிறார்கள். இந்த வகையின் முதல் ஷூ சுமார் 4 சதவீதம் மிச்சப்படுத்தியது. ஆனால் அதை அளந்தது மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியவர்களிடம். சார் ஓடுவது அதில் பாதி. அந்த வேகத்தில் அந்த உயரமான ஃபோம் கணுக்காலை இரு பக்கமும் ஆட்டுகிறது, பின்னாலிருந்து பார்த்தேன். சாலை ஓட்டத்துக்கு அடி உயரம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் விதி போட்டதை வைத்தே அது எவ்வளவு உயரம் என்று ஊகிக்கலாம்.

"போட்டியன்னிக்குப் போடுங்க சார், தினமும் பழைய ஷூவே போதும்" என்றேன். ஆனால் பெட்டிக்குள் பூட்டிவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சென்னை ஈரத்தில் ஷூ சும்மா இருந்தாலும் கெடும். பாலியூரித்தேன் அடிகள் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளேயே சிதையும். கொடைக்கானலுக்கென்று வாங்கி நான்கு வருஷம் பீரோ மேல் வைத்த என் மலையேற்ற ஷூவின் அடி, முதல் நாளே நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது. மொட்டை மாடி உச்சி வெயிலும் ஆகாது, ஃபோம் சுருங்கிவிடும். நனைந்தால் உள்தாளை உருவி, செய்தித்தாளைத் திணித்து, நிழலில் விட வேண்டும்.

•

சனிக்கிழமை மாலை ஆறு மணி, ஷூ கடை. காலையில் போகவில்லை. நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போது வீங்குகிற அளவு அதுதான். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டேன்.

உள்தாளை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நின்றேன். பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். ஐந்து ஜோடியில் மூன்று அப்படியே போயின. மிச்சம் இரண்டில் ஒன்றைப் போட்டு வாசல்வரை ஓடினேன், பிறகு மற்றதை. இரண்டாவதில் காலின் நினைப்பே வரவில்லை. விலை குறைந்ததும் அதுதான். நிறம் எனக்குப் பிடிக்காத ஆரஞ்சு. எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கடற்கரைப் பெண்ணுக்கு. மாட்டி எழுந்து நின்றாள். பெருவிரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம். இடது கால் கொஞ்சம் பெரிது, அதற்குத்தான் பார்த்தோம். அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வளர்ற புள்ள. ரெண்டு நம்பர் பெருசா எடுத்தா ரெண்டு வருஷம் வருமேக்கா."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். என் அம்மாவும் பாவாடையின் மடிப்பை அப்படித்தான் தைத்தாள். ஷூவுக்கு மடிப்பு கிடையாது. ஒரு விரற்கடைக்கு மேல் இடம் விட்டால் அண்ணன் ஷூதான் மறுபடியும், துணியோடு. இதை அவள் அம்மாவிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து, மகளின் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு விரல், சரியாக இருந்தது.

•

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றில் நைக்கி ஷூக்கள் தைக்கிற தொழிற்சாலை இருக்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுக்க ஷூவோடு இருக்கிற அந்தப் பெண்களின் கால்களை இன்று நினைத்துக்கொண்டேன்.

•

புது ஜோடிக்கு இன்று முதல் நாள், மூன்று கிலோமீட்டர் மட்டும். நாளை பழையது, ஃபோம் ஓய்ந்துவிட்டதால் குறைந்த தூரம். நாளை மறுநாள் மறுபடி புதியது. ஒரு மாதம் இப்படி மாறி மாறி. ஒரே ஜோடியில் ஓடுகிறவர்களைவிட, மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்குக் காயம் குறைவு என்று லக்ஸம்பர்க்காரர்கள் 264 பேரை 22 வாரம் பின்தொடர்ந்து கண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் எனக்கு முன்பே வந்திருந்தாள். ரோட்டில் இரண்டு சுற்று ஓடி முடித்து, ஷூவைக் கழற்றி, அடியில் ஒட்டிய மணலைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். கொப்புளம் இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இல்லை.