உருத்திராட்சப் பூனையும் நல்வாய்மையும்

போலித் துறவியைக் கண்டு நகைப்பது தகுமா? கடுஞ்சொல் தவிர்த்தல் நல்வாய்மையின் ஓர் அங்கமாகும். அதனை மேற்கொண்ட பௌத்தர்களாகிய நாம், சமய வேடத்தை எள்ளிப் படம் தீட்டுவோரைப் போற்றலாமா? கொல்கத்தாவின் சித்திரங்களைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் காளிகாட் கோயிலைச் சூழ்ந்த கடைகளில் ஓவியர்கள் மலிவு விலைக்குப் படங்கள் விற்றனர். அவற்றுள் ஒன்று, நெற்றியில் வைணவத் திலகமும் வாயில் இறாலும் கொண்ட பூனை. நம் நாட்டார் உருத்திராட்சப் பூனை என்பதும் இதனையே. மாமல்லபுரத்துப் பாறையிலும் எலிகள் சூழப் பூனையொன்று தவம் புரிகின்றது. பிலார ஜாதகத்தில் ஒற்றைக்காலில் நின்று தவவேடம் பூண்ட நரி எலிகளைத் தின்கின்றது. ஆகவே இந்நகைப்பு நமக்குப் புதியதன்று.

உண்மையும் நன்மையும் உடைய சொல், கேட்பவர்க்குக் கசப்பாயினும், காலமறிந்து கூறத்தக்கதே என்று பகவன் அபய இளவரசனுக்கு உணர்த்தினார். குழந்தையின் தொண்டையில் கல் சிக்கினால், குருதி வரினும் அதனை எடுத்தல் இரக்கமன்றோ?

ஆயின் எல்லா நகைப்பும் இரக்கமாகாது. 1873ஆம் ஆண்டு தாரகேசுவரக் கோயிலின் மகந்து, ஏலோகேசி என்னும் மணமான பெண்ணைக் கெடுத்தார். அதனை அறிந்த கணவன் நவீன் அவளை வெட்டிக் கொன்றான். மகந்து சிறை சென்றார். அவர் செக்காட்டும் காட்சியை ஓவியர் தீட்டி விற்றனர். மக்கள் கண்டு மகிழ்ந்தனர். அவள் வெட்டுண்ட காட்சியும் அவ்வாறே விலைபோயிற்று. ஆயுள் தண்டனை பெற்ற கணவனுக்காகப் பலர் மனுச் செய்ய, அவன் 1875இல் விடுதலை பெற்றான். மாண்டவளுக்காக இரங்கியவர் எத்தனை பேர்? வேடத்தைக் கிழித்த அதே கை, ஒரு பெண்ணின் சாவை வேடிக்கையாக்கிற்று.

இனி ககனேந்திரநாத் தாகூரை (1867–1938) நோக்குவோம். இரவீந்திரருக்கு மகன் முறையினரான இவர், 1917இலும் 1921இலும் கல்லச்சுக் கேலிச்சித்திரத் தொகுப்புகளை வெளியிட்டார். புரோகிதரின் போலித் தூய்மையையும், சாதி என்னும் எந்திரக்கல் மனிதரை நசுக்குவதையும் அவற்றில் காட்டினார். இவரோ பிராமண குலத்திற் பிறந்த செல்வர். தம் வீட்டுக் குப்பையைத் தாமே தெருவுக்குக் கொணர்ந்தார் எனலாம். அதனாலேயே அவர் நகைப்புக்கு அறத்தின் வலிமை உண்டாயிற்று.

அன்பர்களே! பிறர் நெற்றியின் திலகத்தை நகைக்கும் நாம், பஞ்சசீலம் ஏற்ற பின்னும் மணப்பேச்சில் உட்சாதி வினவுகின்றோமா? வினவுவோமாயின், வெண்ணுடை தரித்த பூனை நாமே. கேலிச்சித்திரம் முதலில் நமக்குக் கண்ணாடியாகட்டும். அதில் தன் முகத்தைக் கண்டு நாணியவனே பிறர் வேடத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை பெறுகின்றான்; அவன் சொல்லே நல்வாய்மை.