பொத்தானும் யோசனையும்

வீட்டில் சோப்புத்தூள் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? கடைக்குப் போவீர்கள், விலை கேட்பீர்கள், கையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்ப்பீர்கள். இச்சிரமமெல்லாம் எதற்கென்று, அமேஸான் கம்பெனியார் 2015-ம் வருஷம் அமெரிக்காவில் 'டாஷ்' என்னும் சிறு பொத்தானை விற்கத் தொடங்கினார்கள். விலை ஏறக்குறைய 5 டாலர். துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் அதை ஒட்டிவைத்து, ஒருமுறை அழுத்தினால் போதும். சோப்புத்தூள் வீடு வந்து சேரும்.

சிரமம் குறைவது தீமையோ? இல்லை. நோயாளிக்கும் முதியோருக்கும் அது பேருதவி. ஆனால் அப்பொத்தான் காலின் நடையோடு மனதின் யோசனையையும் மிச்சப்படுத்தியது. அழுத்தும்போது அன்றைய விலை என்னவென்று அதில் தெரியாது. ஆகவே ஜெர்மனியில் மூனிக் நகர மேல்நீதிமன்றம் 2019 ஜனவரியில் அது சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அவ்வருஷமே அதன் விற்பனையும் நின்றது.

பொத்தான் போயிற்று, சோதனை போகவில்லை. இன்று கைப்பேசியில் விரல் பட்டாலே பொருள் வருகிறது. "இது தேவைதானா? இப்பொழுதே தேவையா? இந்தப் பணம் வேறொருவர் பசிக்கு உதவாதா?" என்று கேட்க ஒரு நிமிஷம் வேண்டும். அந்த நிமிஷத்தில்தான் மனிதனுடைய சுயாதீனம் இருக்கிறது. கைக்கு ஓய்வு தரும் கருவியை வரவேற்போம். மனச்சாட்சியை உறங்கவைக்கும் கருவியிடம் எச்சரிக்கையாயிருப்போம்.

இனி ஒன்றை வாங்குமுன் ஓர் இரவு பொறுத்திருங்கள். விடிந்தபின்னும் தேவையாயிருந்தால், தாராளமாய் வாங்குங்கள்.