உஹதுக்குப் பிறகும் மஷூரா

 

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு. மக்காவின் படை உஹதுக்கு வந்துவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களைக் கூட்டி மஷூரா செய்தார்கள். மதீனாவுக்குள் இருந்துகொண்டே எதிரியைச் சந்திக்கலாம் என்பது நபியவர்களின் எண்ணம். பத்ரில் கலந்துகொள்ள முடியாமல் போன இளைஞர்களோ, வெளியே சென்று மோதுவோம் என்றார்கள். அந்தக் கருத்துக்கே ஆதரவு அதிகம். நபியவர்கள் வீட்டுக்குள் போய்க் கவசம் அணிந்து வந்துவிட்டார்கள்.

முடிவு நமக்குத் தெரியும். ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேர் ஷஹீதானார்கள். அம்பெய்யும் வீரர்கள் இடத்தை விட்டு இறங்கியதுதான் காரணம் என்றாலும், வெளியே போகச் சொன்னது மஷூராதானே என்று கேட்க இடமிருக்கிறது. வேறொரு தலைவராக இருந்தால், இனி உங்களிடம் கேட்கவே மாட்டேன் என்றிருப்பார். ஆனால் உஹதைப் பற்றிப் பேசும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனத்தில், அவர்களை மன்னிக்கவும், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கேட்கவும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். வஹீ வருகின்ற நபிக்கே இந்தக் கட்டளை!

இதை ஏன் சொல்கிறேன்? "மெம்பர்மாரு இல்லாம இருந்ததே நல்லது ஹஜ்ரத், ஆபீசரே எல்லாத்தையும் பாத்துக்கிடுவாரு" என்று நம்மில் சிலர் பேசுவதுண்டு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, வார்டு வரையறை என்று தேர்தல் தள்ளிப்போனது. 2022 பிப்ரவரி 19-இல்தான் ஓட்டுப் போட்டோம். ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். அவர்களில் நல்லவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தெருவில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? மாற்றலாகிப் போகிறவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரமாட்டார்.

கூடிப் பேசி ஊரை நடத்துவது நம் தாமிரபரணிச் சீமைக்குப் புதிதல்ல. சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் மானூரில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் யார் பேசலாம் என்று அதில் விதி எழுதியிருக்கிறார்கள். எந்த யோசனை வந்தாலும் "கூடாது, கூடாது" என்றே முடக்குகிறவருக்கு ஐந்து காசு அபராதமாம்! (இன்றைக்கு வசூலித்தால் எத்தனை கஜானா நிரம்புமோ.) ஆனால் அந்தச் சபையில் நிலம் உள்ளவருக்கும் படித்தவருக்கும்தான் இடம். பாய் முடைகிற பெண்ணுக்கும் ஓட்டு என்பது நம் அரசியல் சட்டம் தந்தது. அதைக் காசுக்கு விற்றவர் எந்த முகத்தோடு மெம்பரிடம் கேள்வி கேட்பார்? லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபியவர்கள் சபித்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்பது ஸுன்னத்தும்கூட. ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இவருக்கு இது வந்திருக்குமா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள்.

நமக்கு மிம்பர் வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால், 30 நாளில் பதில் தர வேண்டும். சாலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், மன்றத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்கலாம். எழுதத் தெரியாதவர்கள் மஃரிபுக்குப் பிறகு பள்ளிக்கு வாருங்கள். நம் மக்தபில் ஓதிய பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ் எழுதித் தருவார்கள்.