அரை ராத்தல்

2022-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவிலுள்ள பீனிக்ஸ் நகரில், கலப்புச் சண்டைப் பட்டத்தை வைத்திருந்த பிரேசில் வீரர் சார்ல்ஸ் ஒலிவேரா தராசில் ஏறினார். வரம்பு 155 ராத்தல். தராசு காட்டியதோ அரை ராத்தல் அதிகம். ஒரு தம்ளர் தண்ணீரின் கனந்தான்! மேலும் ஒரு மணி நேரம் கொடுத்தும் குறையவில்லை, பட்டம் போயிற்று. மறுநாள் ஜஸ்டின் கேத்ஜியை முதற் சுற்றிலேயே வென்றும் அது திரும்பக் கிடைக்கவில்லை.

கொடுமையென்பீர்கள். உடம்பின் தண்ணீரை வற்றடித்து எடை இறக்கும் வழக்கம் கொடுமைதான், அதைத் திருத்தட்டும். ஆனால் கேத்ஜி சரியாக 155-ல் நின்றாரே, அவருக்கு நியாயம் வேண்டாமா? கள்ள எடையை வேதம் கண்டிப்பது கடைக்காரருக்கு மட்டுமென்று எண்ணுகிறோம். (ஒலிவேரா ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை.) சாதாரணப் பந்தயத்தில் ஒரு ராத்தல் சலுகை உண்டு, பட்டப் பந்தயத்தில் இல்லை, இருவரும் அதை அறிந்தே தராசில் ஏறினார்கள்.