அக்காவின் பெயருக்கு எதிரே

அந்தப் படிவத்தில் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருக்கும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கல்வித் தகுதி. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அலைந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். 2013இல், பொறியியல் கலந்தாய்வுக்குச் சில வாரம் முன்பு, தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அதை நிரப்பினேன். தாத்தா: படிக்கவில்லை. அப்பா: ஐந்தாம் வகுப்பு. அம்மா: எட்டாம் வகுப்பு. அக்கா பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அக்கா பி.ஏ. தமிழ். காலையில் ஜவுளிக்கடை, மதியத்துக்கு மேல் அரசுக் கல்லூரியில் இரண்டாவது ஷிப்ட். தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் அவள் சம்பளத்தில்தான்.

2010–11 கல்வியாண்டில் தமிழக அரசு கொண்டுவந்த சலுகை அது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அரசு கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் கலைக் கல்லூரியில் படித்த அக்கா அதில் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. அவள் வாங்காத சலுகையை அவள் பட்டம் எனக்கு மூடிவிட்டது.

மனு எழுதிக் கொடுப்பவர் எட்டிப் பார்த்தார். "பிளஸ் டூன்னு போடு தம்பி. யாரு வந்து பாக்கப் போறா? அரசாங்கத்துக்கு இதுல என்ன நஷ்டம்?"

நான் போடவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்தேன். விஷயத்தைக் கேட்ட அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே தானே 'பிளஸ் டூ' என்று எழுதினாள். அவள் கையெழுத்து அழகானது. "இந்தாடா. என் சர்டிபிகேட் பீரோவுலதான இருக்கு, எங்கயும் போயிடாது."

அடுத்து அப்பா கையெழுத்துப் போட வேண்டும். கொத்து வேலை முடிந்து வந்தவர், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "அவ படிக்க நான் அஞ்சு பைசா குடுக்கல. இப்ப அவ படிக்கவே இல்லன்னு நான் கையெழுத்து வேற போடணுமா?"

அத்தோடு முடிந்தது. கல்விக் கடன் வாங்கினோம். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம் என்பதால் அது சாத்தியமானது.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கும் ஓர் இடம் கொடுக்கிறார்: குற்றமற்ற நன்மையைத் தருமானால் அதுவும் வாய்மையாகவே எண்ணப்படும் என்கிறார். 1797இல் இம்மானுவேல் காண்ட் எழுதிய கட்டுரையோ, நண்பனைக் கொல்லத் தேடிவருபவன் கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றது. கல்லூரி விடுதியில் இரண்டையும் வாசித்தபோது மனதுக்குள் அப்பாவைக் காண்ட் பக்கமும் அக்காவை வள்ளுவர் பக்கமும் நிறுத்திப் பார்த்தேன். அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்தது. அக்காவே சம்மதித்த பிறகு இவருக்கு என்ன?

பிறகு ஒன்று புரிந்தது. அப்பா அரசாங்கத்துக்கு உண்மையாக இருக்க நினைத்து மறுக்கவில்லை. தன் மகளுக்கு உண்மையாக இருக்க நினைத்தார். பொய் என்றால் ஏமாறுகிறவருக்கு நடக்கும் தீங்கு என்றே நாம் பேசுகிறோம். யாரைப் பற்றிப் பொய் சொல்கிறோமோ அவருக்கும் அதில் ஏதோ நடக்கிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அக்காதான். அந்த இடத்தை நான் எடுத்துக்கொள்ள, அவளே தன்னை அழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வள்ளுவர் சொன்ன குற்றமற்ற நன்மை இதுவா?

பணம் கட்டிப் படிக்கிறவனிடம் யாரும் அக்கா என்ன படித்தாள் என்று கேட்பதில்லை என்பதும் உண்மை. உதவி கேட்டு நிற்பவன்தான் தன் வீட்டைத் திறந்து காட்ட வேண்டும். அவன் நேர்மைக்கு மட்டும்தான் விலை இருக்கிறது.

அந்த விலையைக் கொடுத்தது யார்? படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கியது. எனக்கு வேலை கிடைக்க மேலும் எட்டு மாதம் ஆனது. அந்த எட்டுத் தவணையையும் அக்கா கட்டினாள், எம்.ஏ. சேரச் சேர்த்துவைத்திருந்த பணத்திலிருந்து. அப்பாவின் நேர்மைக்கு வட்டி கட்டியது அக்கா.

இதனால் அப்பா செய்தது தவறு என்று ஆகிவிடாது. இன்று ஒரு தம்பி அதே படிவத்தோடு வந்து கேட்டால், உள்ளதை எழுது என்றுதான் சொல்வேன். கூடவே, அதற்கான செலவு யார் தலையில் விழப்போகிறது என்று இப்போதே கேட்டுவை என்பேன். உண்மையைச் சொன்னதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் பாரத்தை இன்னொருவர் சுமக்கிறார் என்றால் அதில் பாதி இன்னும் பாக்கியிருக்கிறது.

அந்த எட்டு மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை. "எம்.ஏ. சேர்றப்போ ஃபீஸ் கட்டுடா" என்றாள். ஜூன் மாதம் வந்தால் நான் கேட்கிறேன். கடை, வீடு, பிள்ளைகள். "பாக்கலாம்டா" என்கிறாள்.